முதல் வரிசையில் ஏறிய பெட்டி

எனக்கு எழுபத்து நான்கு வயது ஆகிறது. பெற்றது நான்கு, வளர்த்தது ஏழு. கொழுந்தனாரின் பிள்ளைகள் இரண்டு பேர், பெரிய மகனின் ஒரே மகள், இவர்களையும் சேர்த்துத்தான் ஏழு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏழு பேரை வளர்த்தவளுக்கு ஒரு லாரியில் சாமான் ஏற்றத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஏன் நினைப்பார்கள் என்றால், அந்தப் பேத்தி அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போது உறவுக்காரர் நாலு பேர் கூடிவிட்டால் போதும், தன் சிறுவயதுக் கதை என்று இதை எடுத்துவிடுவாள். வேங்கிக்காலுக்குக் குடி வந்த அன்று ஆயாவைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடப் பார்த்தார்களாம். எட்டு வயதுப் பெண்ணான இவள் ஆயாவின் பெட்டியை லாரிக்குள் புதைத்து வைத்தாளாம். பீரோவைத் தாண்டி அதை எடுக்க முடியாமல் ஆயா மறுபடியும் வண்டியில் ஏறிவிட்டாளாம். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் பல்லைக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். பன்னிரண்டு வருடமாகக் காட்டியாயிற்று. போதும். முதியோர் வகுப்பில் கற்ற எழுத்தை வைத்துக்கொண்டு நாலு நாளாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

என்னை யாரும் இறக்கிவிடப் பார்க்கவில்லை. நானேதான் இறங்கப் பார்த்தேன்.

கீழ்பென்னாத்தூரில் என் தங்கை தனியாக இருந்தாள். புருஷன் போய்விட்டான், பிள்ளை இல்லை. வீடு மட்டும் நல்ல இடத்தில் அமைந்திருந்தது. எதிரே மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் மண்டி. விடியும்போதே வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு அங்கே ஒரு வாய் டிபன் கிடைக்காது. வீட்டுக்கு முன்னால் கீற்றுக் கொட்டகை போட்டு இட்லிக் கடை வைப்பது என்று நாங்கள் இருவரும் ஒரு வருடமாகப் பேசி வைத்திருந்தோம். சாம்பாரும் சட்னியும் அவள் பொறுப்பு. இட்லி என் பொறுப்பு. என் இட்லியைப் பற்றி நானே சொல்லக் கூடாது, சாப்பிட்டவர்கள் சொல்வார்கள். ஒரு ஈட்டுக்கு முப்பது இட்லி வேகும் பெரிய பானை ஒன்றும் என்னிடம் இருந்தது. அவளிடம் இருந்ததோ எட்டு இட்லிப் பானை. அதை வைத்துக்கொண்டு கடை நடத்தினால் வந்தவன் பசியிலேயே மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவான்.

நல்ல நாள் பார்த்தாயிற்று. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் அடுப்புப் பற்றவைக்க வேண்டும். பௌர்ணமி அன்று பகலிலேயே நான் பானையோடு போய்ச் சேர்ந்தால்தான் சாயங்காலம் மாவு ஆட்ட முடியும். நாற்பது வருடம் என் கையால் சாப்பிட்டவர்கள் உப்பு கம்மி, காரம் ஜாஸ்தி என்று சொல்ல மட்டும்தான் வாயைத் திறந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவன் வந்து உட்கார்ந்து, சாப்பிட்டுப் பார்த்து, இன்னும் ரெண்டு வை என்று கேட்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

பெரிய மகனிடம் சித்தி வீட்டுக்கு நாலு நாள் போய் வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவன் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். அம்மா இட்லி விற்கப் போகிறாள் என்றால் முகம் சுண்டிப்போகும். கடை நன்றாக ஓட ஆரம்பித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், அவனே வந்து நாலு சாப்பிட்டுவிட்டுப் போவான் என்று விட்டுவிட்டேன்.

இனி லாரிக்கு வருகிறேன்.

கோயில் மதிலை ஒட்டிய சந்தில் பதினெட்டு வருடம் வாடகைக்கு இருந்தோம். மகன் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வேங்கிக்காலில் ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை என்று சின்னதாக வீடு கட்டினான். குடி போக எந்த நாளைக் குறித்தான் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பௌர்ணமியைத்தான். அண்ணாமலையார் கோயிலுக்குப் பின்னாலேயே இத்தனை வருடம் இருந்த பிள்ளை! மலை சுற்ற வரும் கூட்டத்தில் அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் சைக்கிள்கூட நுழையாது. பத்து மணிக்கெல்லாம் கட்டை போட்டு மறித்துவிடுவார்கள், பஸ்ஸும் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். சொன்னேன். அன்றைக்குத்தான் லீவு கிடைத்தது என்றான்.

"ஏழு மணிக்கு ஆரம்பிச்சா ஒம்போதுக்கு முடிஞ்சிடும்மா. நான் பிளான் போட்டு வெச்சிருக்கேன்."

பிளான் என்பது ஒரு நோட்டுப் புத்தகம். வீட்டில் இருந்த சாமானுக்கெல்லாம் ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரை நம்பர் போட்டிருந்தான். ஒன்றாம் நம்பர் மெத்தை. கீழே மெத்தை இருந்தால் மேலே இருப்பது உடையாதாம். அம்மிக்கல் முப்பத்தொன்பது. அதாவது எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணாடி டம்ளர் பெட்டிக்கும் மேலே, அம்மிக்கல் சவாரி செய்துகொண்டு வரும். ஆட்டுக்கல்லின் குழவியை எங்கே வைத்திருந்தான் என்று நான் எழுத மாட்டேன். அவன் இன்னும் வேலையில் இருக்கிறான்.

"ஏன்டா, இது ஃபைல் அடுக்கற ரேக்குன்னு நெனச்சியா?" என்று கேட்டேன்.

"நாலு கிலோமீட்டருக்கு இன்னாம்மா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"

"ஒடையறதுக்கு நாலு கிலோமீட்டர் வேணுமாடா? ஒரு பள்ளம் போதும்."

நோட்டுப் புத்தகத்தை வாங்கி ஜன்னலில் வைத்தேன். நம்பரை எல்லாம் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். மூன்றே வரிசை. டிரைவர் உட்காரும் கேபினை ஒட்டிக் கனமானவை, அது ஒன்று. நடுவில் கட்டில், மரப்பெட்டி, புத்தக மூட்டை, அது இரண்டு. இறங்கியதும் கைக்கு வேண்டிய அடுப்பு, குடம், பாத்திரம் எல்லாம் பின்பக்கக் கதவோரம், அது மூன்று. நான் சொல்லச் சொல்லப் பேத்தி சாக்பீஸால் ஒவ்வொன்றின் மேலும் எழுதிக்கொண்டே வந்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் சொன்னதைச் சொன்னபடி செய்தது அவள் ஒருத்திதான் என்று மெச்சிக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல!

என் டிரங்குப் பெட்டிக்கு மட்டும் நம்பர் கிடையாது. உள்ளே நாலு புடவை. மேலே சாக்குச் சுற்றிய இட்லிப் பானை. இரண்டையும் சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டி வாசற்படியோரம் வைத்திருந்தேன். எல்லாம் ஏறிய பிறகு கடைசியாக ஏற வேண்டும், பஸ் ஸ்டாண்டில் முதலாவதாக இறங்க வேண்டும். ஒன்பதே முக்காலுக்குக் கீழ்பென்னாத்தூர் பஸ்.

ஏழு மணிக்கு வரவேண்டிய லாரி எட்டுக்கு வந்தது. சந்துக்குள் நுழையாமல் முனையிலேயே நின்றது. நரைத்த மீசையோடு ஒரு மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் இறங்கினார்கள். நான் லாரிக்குள் எட்டிப் பார்த்து, முதலில் உள்ளே சிந்திக் கிடந்த தவிட்டைக் கூட்டித் தள்ளச் சொன்னேன். மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆயா, இருவது வருசமா லோடு ஏத்தறேன்."

"இன்னா லோடு?"

"நெல்லு மூட்ட."

"நெல்லு கீழ வுழுந்தா அள்ளிக்கலாம். பீரோ கண்ணாடி வுழுந்தா அள்ளுவியா?"

அதற்குப் பிறகு அவர் என்னோடு ராசியாகிவிட்டார். என் மகனைவிட அவருக்குச் சீக்கிரம் புரிந்தது. பீரோவைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, கதவைக் கயிற்றால் சுற்றி, கண்ணாடிப் பக்கம் மெத்தையைக் கொடுத்து இறுக்கினார். வலப்பக்கம் ஆட்டுக்கல் என்றால் இடப்பக்கம் அரிசி டிரம். இல்லாவிட்டால் திருப்பத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாயும். கேஸ் சிலிண்டர் மூலையில் நிமிர்ந்து நின்றது. கண்ணாடிச் சாமானை என் பழைய புடவைகளில் சுற்றிக் குண்டானுக்குள் வைத்தோம். அதற்குள் மகன் கிருஷ்ணாயில் டின்னை அரிசி டிரம்மின் மேல் கொண்டுபோய் வைத்திருந்தான். இடம் வீணாகிறதாம். ஒரு மாதம் சோற்றில் அந்த வாசனையை முகர்ந்தால்தான் இவனுக்குப் புத்தி வரும் என்று மேஸ்திரியிடமே சொன்னேன். மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, விளக்கையும் பாலையும் உப்பையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் முன்னே போய்விட்டாள். அவளும் இல்லை என்ற பிறகு எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான்.

காலி செய்த வீட்டைக் குப்பையோடு விட்டுப் போகக் கூடாது. உள்ளே போய்ப் பெருக்கித் தள்ளி, வாசலுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு நிமிர்ந்தேன். படியோரம் என் பெட்டி இல்லை.

"ஆயா பொட்டி எங்க பாப்பா?"

"ஏத்தியாச்சு ஆயா. முன்னாடி வெச்சிருக்காங்க."

முன்னாடி என்றால் டிரைவர் பக்கத்தில் என்று எடுத்துக்கொண்டேன். நல்லதாகப் போயிற்று, இறங்கும்போது கையோடு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முந்தின நாள் சாயங்காலம் காபி குடிக்கும்போது மகன் மருமகளிடம், அம்மாவைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு நேராகப் போய்விடலாம் என்று சொல்லியிருக்கிறான். அவளும், அதுவும் நல்லதுதான், சாமான் ஒழுங்குபடுத்தும்வரை அங்கே படுக்கவே இடம் இருக்காது என்றிருக்கிறாள். இரண்டு பேரும் கள்ளம் இல்லாமல் பேசிய பேச்சு. கேட்டுக்கொண்டிருந்த குழந்தைக்கு அது வேறாகப் போயிருக்கிறது. இடம் இல்லை, ஆயாவை இறக்கிவிடப் போகிறார்கள். காலையில் சாக்பீஸ் கையில் கிடைத்ததும், நான் உள்ளே கண்ணாடிச் சாமானைப் புடவையில் சுற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, என் பெட்டியின் மேல் பெரிதாக ஒரு ஒன்று போட்டுவிட்டாள். ஒன்று போட்ட சாமான்களை ஆட்கள் அப்போதுதான் தூக்க ஆரம்பித்திருந்தார்கள். பெட்டி கேபின் பலகையை ஒட்டித் தரையில் உட்கார்ந்தது. அதற்கு முன்னால் பீரோ நின்றது. பீரோவுக்கு முட்டுக்கொடுத்து ஆட்டுக்கல். எல்லாம் நான் போட்ட வரிசைதான். ஒரு அங்குலம் அசையாது.

லாரி கிளம்பியது. கேபினில் டிரைவர், நான், என் மடியில் பேத்தி. மேஸ்திரியும் ஆட்களும் பின்னால் சாமானோடு. மகன் மொபெட்டில் பின்னால் வந்தான். தேரோடும் வீதி முழுவதும் கட்டை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்ட் வந்தபோது ஒன்பதரை தாண்டிவிட்டது. கீழ்பென்னாத்தூர் பஸ் இன்ஜினைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றது. நான் இறங்கி, சீட்டுக்குப் பின்னால் பார்த்தேன். ஒரு ஜாக்கியும் டிரைவரின் லுங்கியும் இருந்தன.

லாரியின் பின்னால் போய் மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"இன்னா ஆயா, நீதானே ஒண்ணுன்னு போட்டிருந்த? கேபின ஒட்டி மொத ஆளா ஏத்தினோமே."

மொபெட்டை நிறுத்திவிட்டு மகன் வந்தான். "நான் போட்ட நம்பர் இருந்திருந்தா இப்டி ஆயிருக்குமா?" என்றான். ஏன் இதைச் சொன்னோம் என்று அவன் வாழ்நாளெல்லாம் நினைக்கும்படி நான் ஒரு பார்வை பார்த்தேன். போலீஸ்காரர் ஒருவர் விசிலை ஊதிக்கொண்டு வந்து லாரியின் பக்கவாட்டில் தட்டினார். பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

"யம்மா, ஏறுறியா, வண்டிய எடுக்கட்டுமா? இதான் கடேசி வண்டி. அப்பறம் ஊருக்குள்ள பஸ் வராது."

"பெட்டி இல்லாம போம்மா. நான் ஞாயித்துக்கெழம கொண்டாந்து குடுக்கறேன்," என்றான் மகன்.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவானாம். பானை இல்லாமல் விடிந்தால் எதில் இட்லி ஊற்றுவது? அதை அவனிடம் சொல்லவும் முடியாது. ஆனால் மேஸ்திரி நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்து ஏதோ அவசரம் என்று புரிந்துகொண்டார். பின்கதவின் கொக்கியில் கை வைத்தார்.

"பத்து நிமிசம் குடு ஆயா. கட்டில எறக்கி, பீரோவ ஒரு பக்கமா நவுத்தினா நம்ம பையன் பூந்து எடுத்துடுவான்." அப்படியே கண்டக்டரைப் பார்த்து, "யோவ், பெரியவங்கய்யா, பத்து நிமிசம் நில்லுய்யா," என்று அதட்டினார். கண்டக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், சரி என்று தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்க இறங்கினார். போலீஸ்காரரிடம் நானே கும்பிட்டுக் கேட்டேன். சீக்கிரம் ஆகட்டும் என்றார்.

ஆக, வழி பிறந்துவிட்டது. என் சுருக்குப் பையை எடுக்கக் கேபின் கதவைத் திறந்தேன்.

பேத்தி சீட்டின் மூலையில் ஒடுங்கிக் கண்ணை இறுக்க மூடியிருந்தாள். விரல் பத்திலும் வெள்ளை. கவுனிலும் வெள்ளை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடிக்கக் கை ஓங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"புது வூட்ல எடம் கீது ஆயா. நீ கட்டில்ல படுத்துக்கோ. நான் கட்டிலுக்கு அடியில படுத்துக்கறேன்."

ஓங்கிய கையை இறக்கினேன். பின்பக்கம் மேஸ்திரி முதல் முடிச்சை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. "வேணாம், கட்டிடு," என்று குரல் கொடுத்தேன். ஏறி உட்கார்ந்து, அவள் விரல்களை என் முந்தானையால் துடைத்தேன். கண்டக்டர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார். பஸ் போயிற்று.

வேங்கிக்காலில் ஒரு டம்ளர்கூட உடையவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன், யாரும் சொல்லமாட்டார்கள். என் பெட்டிதான் கடைசியாக இறங்கியது. மறுநாள் தங்கைக்குச் சேதி சொல்ல ஆள் இல்லை, அவளிடம் போனும் கிடையாது. அதற்கு மறுநாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. பிறகு பாப்பாவின் பள்ளிக்கூடம், பிறகு அடுப்பு மேடை வேலை. புது வீட்டில் ஒரு வேளை சமைத்துவிட்டவளுக்கு அடுத்த வேளை காத்துக்கொண்டேதான் இருக்கும். பத்தாம் நாள்தான் பானையைத் தூக்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூரில் போய் இறங்கினேன்.

கொட்டகையில் அடுப்பு எரிந்தது. அதன் முன்னால் பக்கத்து வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுப் பானை, அவள் ஆட்டிய மாவு. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாயங்காலம் வரைக்கும் பஸ்ஸையே பாத்துனு இருந்தேன் யக்கா. ஊற வெச்ச அரிசிய இன்னா பண்றது? இவள கூப்ட்டேன். இப்ப எப்டி எழுந்து போன்னு சொல்றது?"

சொல்லக் கூடாதுதான். நான் பெஞ்சில் உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டேன். மோசம் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உப்பு கொஞ்சம் கம்மி, வேறு குறை இல்லை. எனக்குப் பக்கத்தில் தலையில் துண்டு கட்டிய ஒரு ஆள் தட்டை நீட்டி, இன்னும் ரெண்டு வை என்று அவளிடம் கேட்டான். பானையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். கடை இன்றைக்கும் நடக்கிறது.

ஏன் போனாய், எதற்குப் போனாய் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பேத்தி வளர்ந்தாள், கதையும் கூடவே வளர்ந்தது. அவள் சொல்வதில் பீரோதான் என்னை நிறுத்தியது. ஏழு பேரை வளர்த்தவளை ஒரு பீரோ நிறுத்துமா? முடிச்சு அவிழ ஆரம்பித்துவிட்டது, பஸ் எனக்காக நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை. ஆயாவைத் துரத்துகிறார்கள் என்று பயந்த குழந்தைக்கு, ஆயா போக ஆசைப்பட்டாள் என்று தெரியாது. தன் சாமர்த்தியத்தால் ஆயா அகப்பட்டுக்கொண்டாள் என்று சந்தோஷப்பட்ட குழந்தைக்கு, ஆயா தானாக ஏறி உட்கார்ந்தாள் என்றும் தெரியாது. வருத்தம் இல்லையா என்றால், உண்டு. பொய் எழுத மாட்டேன். ஆனால் அன்றைக்கு எடுத்த முடிவு என்னுடையது. அதை ஒரு இரும்புப் பீரோவுக்குக் கொடுத்துவிட எனக்கு மனம் இல்லை.

இந்தா பாப்பா, டிவியை நிறுத்திவிட்டு இங்கே வந்து உட்கார். ஆரம்பத்திலிருந்து சத்தமாகப் படி, உன் அப்பனுக்கும் கேட்கட்டும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்து. விஷயத்தைத் திருத்தாதே.